வெறும் வயிறு

மார்ச் 3, மத்தியானம்
இரண்டாம் மாடி, குழந்தைகள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்

மயக்க மருந்து டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம் வைக்கிற நிலைமையில நான் இல்ல. நேரா விஷயத்துக்கு வரேன்.

இன்னிக்குக் காலையில என் புள்ளையை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சு. பச்சைத் துணி சுத்தியாச்சு. லிஃப்ட் வாசல் வரைக்கும் போயிட்டோம். அங்கே சர்ஜன் எதிர்ல வந்து, "இன்னிக்கு இல்லம்மா, மயக்க மருந்து டாக்டர் வேண்டாம்னுட்டாங்க"ன்னார். எந்த மகராசி அதுன்னு கேட்டேன். பேரைச் சொன்னார். எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

நீதான். 'அவர்களுக்கு'ன்னு மரியாதையா ஆரம்பிச்சேன், 'நீ'ன்னு வந்துடுச்சு. போகட்டும். கூடப் பிறந்தவளை வேற எப்படிக் கூப்பிடறது?

உனக்குத் தெரியாதுன்னு சொல்லாதே. சீட்டுல என் பேர்தான் இருக்கு, 'இன்னாரின் ஆண் குழந்தை'ன்னு. ஆறு வாரமாகுது பிறந்து. மூணு வாரமா குடிக்கிற பாலெல்லாம் வெளியே வருது. கக்கறதுன்னா கடைவாய்ல வழியறது இல்ல. எதிர்ச் சுவர்ல போய் அடிக்குது. பிறந்தப்போ கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருந்தவன் இப்போ நெத்தியில சுருக்கம் விழுந்து, வாழ்க்கையில நொந்துபோன கிழவன் மாதிரி என்னைப் பார்க்கிறான். நேத்துதான் இங்கே வந்தோம். சர்ஜன் கையைச் சூடு பண்ணிக்கிட்டு, அவன் அழுது ஓயற வரைக்கும் பொறுமையா பக்கத்துல உட்கார்ந்திருந்தார். வயிறு தளர்ந்ததும் ரெண்டு விரலை வச்சு மெதுவா அழுத்திட்டு, "இருக்கு. கொட்டைப்பாக்கு அளவு"ன்னார். இரைப்பையோட வாசல்ல சதை தடிச்சு அடைச்சிருக்காம். சதையைக் கீறி விட்டா சரியாயிடுமாம். சின்ன ஆபரேஷன்னார். மூணு வாரத்துல ஒரு ஆள் தெளிவா பதில் சொன்னது நேத்துதான்.

அதையும் நீ நிறுத்திட்டே.

இது உனக்குப் புதுசா? அம்மா இடுப்பு உடைஞ்சு கிடந்தப்போ எலும்பு டாக்டர் செய்யலாம்னார். நீதான் 'இதயம் தாங்காது, இப்ப வேண்டாம்'னே. அந்த 'இப்ப' முடியவே இல்ல. அம்மா படுக்கையில கிடந்து கிடந்து போய்ச் சேர்ந்தாங்க. புரட்டிப் போட்டு முதுகு துடைச்சது நான். நீ வாரம் ஒரு தரம் வந்து மாத்திரையை எண்ணிட்டுப் போனே. இப்ப என் புள்ளைக்கும் அதே மந்திரமா?

போன்ல பேசினா நான் கத்துவேன், நீ வச்சிடுவே. அதான் எழுதறேன். கொடுத்தனுப்ப இங்கே ஊசி போடற சிஸ்டர் ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு ஆபரேஷன் நடக்கணும். நடக்கலைன்னா மேலே வந்து உன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்து ஊரைக் கூட்டுவேன்.

குழந்தையின் அம்மா


மார்ச் 3, சாயங்காலம்
நாலாம் மாடி

சிட்டு,

பால் டின்னோட வந்த விளம்பரத் தாளுக்குப் பின்னாடி எழுதி அனுப்பியிருக்கே. திருப்பினா ஒரு கொழுகொழு குழந்தை சிரிக்குது. இந்தப் பொடியை நீ எத்தனை டின் மாத்தினேன்னு கேஸ் ஷீட்ல பார்த்தேன். அஞ்சு. அஞ்சு டின்! ஏன்டி, உனக்குப் புத்தி எங்கே போச்சு? அக்கா ஒருத்தி இதே ஊர்ல பச்சைக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பிழைச்சுக்கிட்டு இருக்காளேன்னு ஒரு நாள்கூடத் தோணலையா?

நான் பெரியம்மா ஆயிட்டேன்னு எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. பொட்டாசியம் இவ்வளவு, குளோரைடு இவ்வளவுன்னு படிச்சுக்கிட்டே மேலே பார்த்தா உன் பேர். பொட்டாசியத்தைப் பார்த்துப் பயப்படறதா, பேரைப் பார்த்துச் சந்தோஷப்படறதா, உன்னை நாலு சாத்து சாத்தறதான்னு தெரியாம நின்னேன். மூணுமே பாக்கி இருக்கு.

இப்போ கேளு. கோபத்தை ஒரு நிமிஷம் ஓரமா வச்சுட்டுக் கேளு.

குழந்தை வாந்தி எடுக்கிறப்போ பால் மட்டும் போகலை. வயித்துல இருக்கிற அமிலமும் உப்பும் சேர்ந்து போகுது. மூணு வாரமா போயிருக்கு. அதனால ரத்தம் வேற பக்கம் சாஞ்சிருக்கு, அமிலம் குறைஞ்சு காரத்தன்மை ஏறியிருக்கு. ரத்தம் அப்படி இருக்கிறப்போ மயக்கம் கொடுத்தா, ஆபரேஷன் நல்லபடியா முடியும், தையலும் போடுவாங்க, அப்புறம் குழந்தை மூச்சு விட மறந்துடும். மூச்சு விடுன்னு உடம்புக்குச் சொல்ற தந்தி இந்த ரத்தத்துல சரியா போய்ச் சேராது. இந்த அடைப்பு அவசரமா கத்தியை எடுக்க வேண்டிய விஷயம் இல்ல. ரத்தத்தைச் சரி பண்றதுதான் அவசரம். அவன் கையில ஏறுதே அந்த உப்புத் தண்ணி, அதுதான் பாதி வைத்தியம். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சர்ஜன் பட்டியல்ல சேர்த்தது தப்பு. அவரையும் திட்டியாச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அது சர்ஜனா இருந்தாலும் சரி, என் தங்கச்சியா இருந்தாலும் சரி.

இன்னொண்ணு. உன் பால் சேரலைன்னு எவனோ சொன்னதாகவும், நீ நிறுத்திட்டதாகவும் ஷீட்ல இருக்கு. படிச்சப்போ எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. உன் பாலுக்கு ஒரு குறையும் இல்ல. வாசல் அடைச்சிருந்தா அமிர்தத்தை ஊத்தினாலும் வெளியேதான் வரும். இதைச் சொன்னவனை என்கிட்ட கூட்டிட்டு வா.

ஆனா இப்போ ஒரு சொட்டுகூடக் கொடுக்காதே. தண்ணிகூட வேண்டாம். மூக்குல போட்டிருக்கிற குழாய் வழியா வயிறு காலியாகட்டும்.

அம்மா பேச்சை இதுல இழுக்காதே. தியேட்டர் வாசல்ல உட்கார்றதா இருந்தா செருப்பைக் கழட்டிட்டு உட்காரு.

அக்கா


மார்ச் 4

டாக்டர் அம்மா,

சிட்டுன்னு கூப்பிடாதே. அது அம்மா கூப்பிட்ட பேர்.

புத்தி எங்கே போச்சுன்னு கேட்டே. சொல்றேன். முதல் தடவை அவன் அப்படி வாந்தி எடுத்தப்போ நான் அவனை மடியில வச்சிருந்தேன். குடிச்சு முடிச்சான். வயித்துல இடது பக்கமிருந்து வலது பக்கத்துக்கு ஒரு உருண்டை ஓடுச்சு, போர்வைக்குள்ள பூனை நகர்ற மாதிரி. அப்புறம் ஒரே பீய்ச்சல். என் புடவை, தரை, எதிர்ல இருந்த நாற்காலி. நான் அலறினேன். அவன் அழவே இல்ல. உதட்டைச் சப்புக்கொட்டிக்கிட்டு மறுபடியும் பால் தேடினான். அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்வாங்க. இவன் குடிச்சதைக் கக்கிட்டு அடுத்ததுக்கு அழுதான்.

தெருமுனை டாக்டர்கிட்ட போனேன். 'எல்லாக் குழந்தையும் கக்கும்'னார். மாமியார், 'நீ ஏப்பம் விட வைக்கத் தெரியாம வைக்கிறே'ன்னாங்க. இன்னொரு டாக்டர்தான் தாய்ப்பால் சேரலைன்னு டின் எழுதிக் கொடுத்தார். மூணு நாலு நாளைக்கு ஒரு தரம் வேற டின். எங்க வீட்டுக்காரர் அச்சகத்துல இருந்து வந்ததும் தினமும் கேக்கிற முதல் கேள்வி, 'இன்னிக்கு எத்தனை தடவை?' அப்படியே எல்லாரும் என்னை ஒரு பார்வை பார்ப்பாங்க. முதல் புள்ளை, இவளுக்கு ஒண்ணும் தெரியலைங்கிற பார்வை. உருண்டை ஓடுதுன்னு சொன்னா யாரும் நம்பலை. டாக்டர் முன்னாடி அது ஓடாது. அங்கே போனா இவன் சமத்தா தூங்குவான்.

உனக்கு போன் பண்ணத் தோணலையான்னு கேக்கறே. எடுத்தேன். மூணு தடவை எடுத்தேன். உன் பேர் திரையில வந்ததும் வச்சுட்டேன். ஏன்னு சொல்லட்டுமா? நீயும் நம்பமாட்டேன்னு நினைச்சேன். நீ என்னை என்னிக்கு நம்பியிருக்கே? அம்மாவுக்கு நான் மாத்திரை கொடுத்தேன்னு சொன்னா, டப்பாவைக் கொட்டி எண்ணுவே. காய்ச்சல் இல்லைன்னு சொன்னா, நீயே ஒரு தரம் பார்ப்பே. முதுகுல புண் இல்லைன்னு சொன்னாலும் போர்வையைத் தூக்கிப் பார்ப்பே. நாள் பூரா கண்ல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்துக்கிட்டவ நான். நீ வந்து பரிசோதனை பண்ணிட்டுப் போற இன்ஸ்பெக்டர். அம்மா முன்னாடியே ஒரு நாள் எண்ணினே. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். தெரியுமா உனக்கு?

ரத்தம், உப்பு எல்லாம் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். நீ சொல்றது நியாயமா இருக்கு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கு. அம்மாவுக்கும் இப்படித்தான் நியாயமா சொன்னே.

ஒரே ஒரு நிபந்தனை. வேற யாராவது மயக்கம் கொடுக்கட்டும். நீ என் புள்ளை மேல கை வைக்கக் கூடாது.

குழந்தையின் அம்மா


மார்ச் 5, காலை

சிட்டு,

அப்படித்தான் கூப்பிடுவேன். அம்மா மட்டும் வச்ச பேர் இல்ல அது. நீ பிறந்தப்போ கீச்சுக் கீச்சுன்னு கத்தறான்னு, அதாவது கத்தறேன்னு, முதல்ல சொன்னது நான். பையன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நேத்து சாயங்காலம் குழந்தையைப் பார்க்க வார்டுக்கு வந்தேன். நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டே. தூங்கலைன்னு எனக்குத் தெரியும். தூங்கறவ காலை ஆட்டமாட்டா. உன் முதுகைப் பார்த்துக்கிட்டே அவன் நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வச்சேன். என் விரலைப் பிடிச்சுக்கிட்டான். கிழவன்தான், ஆனா பிடி நல்லா இருக்கு. துணி நனைச்சிருந்தான். சிறுநீர் நல்லாப் போகுதுன்னா உடம்பு தேறுதுன்னு அர்த்தம்.

இன்னிக்கு ரிசல்ட் நல்லா இருக்கு. நாளைக்குச் செய்யலாம்.

நிபந்தனை விஷயம். சொந்தக்காரங்களுக்கு மயக்கம் கொடுக்கறதில்லைங்கிறது எங்களுக்கும் வழக்கம்தான். எனக்கும் ஆசை இல்ல. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கொடுக்கப் பழகினவங்க இங்கே ரெண்டு பேர். இன்னொருத்தர் மாடிப்படியில வழுக்கி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டு வீட்ல இருக்கார். மீதி நான். இல்லைன்னா வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல போகலாம், நான் ஏற்பாடு பண்றேன். வழி நெடுக அவனைக் குலுக்கிக்கிட்டுப் போகணும். நீ முடிவு பண்ணு. நான் கெஞ்சமாட்டேன்.

மாத்திரை எண்ணினதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். அடுப்படியில நீ அழுதது எனக்குத் தெரியாது. அதுக்கு வேணும்னா கேக்கறேன்.

அம்மா ஆபரேஷனைப் பத்திக் கேட்டே. நான் எடுத்த முடிவு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு உன்கிட்ட நான் ஆடின ஆட்டம் எல்லாம் பொய். மேசையிலேயே போயிடுவாங்களோன்னு பயந்தேன். அவ்வளவுதான்.

சம்மதம்னா நாளைக்குக் காலை வரைக்கும் வாயில ஒண்ணும் போகக் கூடாது. அழுவான். அழட்டும்.

அக்கா


மார்ச் 5, மத்தியானம்

கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னை நம்பிப் போடலை. வழியில்லாம போட்டேன்.

எங்க வீட்டுக்காரர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். அது அவர் சொன்னது, நான் இல்ல.

அழட்டும்னு சுலபமா எழுதிட்டே. நாலாம் மாடிக்கு இவன் அழறது கேக்காது.


மார்ச் 6, சாயங்காலம்

சிட்டு,

குழந்தையை உன்கிட்ட கொண்டுவந்து கொடுக்க வேண்டியது நான். சிஸ்டர்கிட்ட கொடுத்தனுப்பிட்டேன். ஏன்னா உன் முகத்தைப் பார்த்தா வார்டுன்னும் பார்க்காம அறைஞ்சிடுவேன்னு பயம்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். நின்னுக்கிட்டு இருந்தா உட்கார்ந்துக்கோ.

அவனைச் சூடான விளக்குக்குக் கீழே படுக்க வச்சோம். மூக்குக் குழாயைக் காணோம். காலையில அவனே பிடுங்கிட்டான்னு சிஸ்டர் சொன்னா. சரி, குழந்தைகள் பிடுங்கும். சீட்டுல 'வெறும் வயிறு'ன்னு இருந்துச்சு. சிஸ்டர் கேட்டதுக்கு அம்மாவும் அதையேதான் சொன்னாங்களாம். அம்மான்னா நீ.

நான் எந்தச் சீட்டையும் நம்பறதில்ல. இந்த அடைப்பு இருக்கிற குழந்தையோட வயித்தை நம்பவே கூடாது. புதுசா பெரிய குழாய் ஒண்ணை வாய் வழியா விட்டு, மல்லாக்க வச்சு உறிஞ்சினேன். கொஞ்சம் தண்ணி. வலது பக்கம் சாய்ச்சு உறிஞ்சினேன். ஒண்ணும் இல்ல. சர்ஜன் கையுறை மாட்டிக்கிட்டு, "காலி டாக்டர், ஆரம்பிக்கலாமே"ன்னார். இடது பக்கம் திருப்பினேன். குழாய்ல வெள்ளையா ஏறுச்சு.

பால். மாவுப் பால் இல்ல. தாய்ப்பால்.

அதை எடுக்காம நான் மயக்கம் கொடுத்திருந்தா, அது தொண்டைக்கு ஏறி நுரையீரல்ல இறங்கியிருக்கும். அப்புறம் உனக்கு நான் எழுத ஒண்ணும் இருந்திருக்காது. புரியுதா? என் வாயால இதுக்கு மேல சொல்ல வைக்காதே.

சர்ஜன் கொதிச்சுப்போயிட்டார். "யார் கொடுத்தது? அந்தம்மாவைக் கூப்பிடுங்க"ன்னு கத்தினார். "கொடுத்தது என் தங்கச்சிதான். அவளைத் திட்டற பொறுப்பை எனக்கு விடுங்க. வேற யாரும் அவ மேல ஒரு வார்த்தை சொல்லக் கூடாது"ன்னேன். அப்புறம் கழுவி, காலியாகற வரைக்கும் உறிஞ்சு, மேல கொஞ்ச நேரம் காத்திருந்து, நாலு பக்கமும் மறுபடி திருப்பிப் பார்த்துத்தான் ஆரம்பிச்சேன். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

தொப்புளுக்கு மேல சின்னதா கீறினார். தடிச்ச சதையை வெளியே எடுத்து நீளவாக்கில கீறி, மெதுவா விரிச்சுவிட்டார். உள்ளே இருக்கிற மெல்லிசுத் தோல் கிழியாம மேல்சதையை மட்டும் பிரிக்கணும். மாங்கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கிற பருப்பைக் கீறாம எடுக்கிற மாதிரி. அப்புறம் நான் குழாய்ல காத்து ஊதினேன், அவர் ஓட்டை இருக்கான்னு பார்த்தார். ஒரு குமிழிகூட வரலை. என் வாழ்க்கையில அவ்வளவு பயந்து பயந்து காத்து ஊதினதில்ல.

மயக்கம் தெளிஞ்சு அழுதான். அந்த அழுகையை நாலாம் மாடி பூரா கேட்டுச்சு. நீ எழுதினியே, அதுக்காகச் சொல்றேன். மூச்சு நல்லா விடறானான்னு ரொம்ப நேரம் பக்கத்துலயே நின்னேன்.

நான் உன்னை நம்பலை, சிட்டு. நல்லவேளை நம்பலை. நம்பியிருந்தா இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் என்ன மிச்சம் இருந்திருக்கும்? அம்மா மாத்திரையை எண்ணினதும் இதே கைதான். உன் மேல சந்தேகப்பட்டு எண்ணலை. தூக்கமில்லாம, சாப்பாடில்லாம இருக்கிற யாரையும் நான் நம்பமாட்டேன். அன்னிக்கு நீ அப்படித்தான் இருந்தே. இன்னிக்கும் அப்படித்தான் இருக்கே.

ஏன்டி கொடுத்தே? ஒரு சொட்டுகூட வேண்டாம்னு எழுதினேனே. படிக்கத் தெரியாதா உனக்கு?

பதில் எழுதாதே. படிக்கிற நிலைமையில நான் இல்ல.

அக்கா


மார்ச் 7, காலை

அக்காவுக்கு,

எழுதாதேன்னா எழுதாம இருக்க நான் என்ன உன் கம்பவுண்டரா?

அறைஞ்சிருக்கலாம். வாங்கிக்கிட்டிருப்பேன். உன் கடிதத்தைப் படிச்சுட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு என்னை நானே அடிச்சுக்கிட்டேன். ஊசி சிஸ்டர் கதவைத் தட்டி, "உள்ளே யார் யாரை அடிக்கிறீங்க"ன்னு கேட்டாங்க. வெளியே வந்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் கடிதம் தூக்கறதுக்குத் தபால் ஆபீஸ்லயே சேர்ந்திருக்கலாம்"னு சொன்னாங்க.

ஏன் கொடுத்தேன்னு கேட்டே. கேட்டுத்தானே ஆகணும் நீ. சொல்றேன்.

இத்தனை நாளா என் பால் விஷம்னு நம்பிக்கிட்டு இருந்தவ நான். மார்பை இறுக்கிக் கட்டிக்கிட்டு, டின் பாலைக் கலக்கிக்கிட்டு, இவன் என் பக்கம் முகத்தைத் திருப்பறப்போ எல்லாம் நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டு இருந்தேன். அப்போ உன் கடிதம் வந்துச்சு. 'உன் பாலுக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு எழுதியிருந்தே. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. என்னை நீ ஒரு தடவை நல்லவள்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. வத்திப்போச்சுன்னு நினைச்சது சுரந்துச்சு. நேத்து விடிஞ்சதும் அவன் குழாயைப் பிடுங்கிட்டு, என் மேல முகத்தை வச்சுத் தேய்ச்சான். கொஞ்சம்தான், சும்மா வாய் வைக்கட்டும்னு கொடுத்தேன். ஒரு சொட்டுகூட வேண்டாம்னு கீழே எழுதினது கண்ணுக்குத் தெரிஞ்சுது. மேல எழுதின வரிதான் பெரிசாத் தெரிஞ்சுது. சிஸ்டர் கேட்டப்போ கூசாம இல்லைன்னு சொன்னேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்வாங்களே, அது அப்போ எனக்கு உறைக்கலை. என் புள்ளையை நானே கொல்லப் பார்த்திருக்கேன். எழுதறப்போ கை எழுதமாட்டேங்குது, ஆனாலும் எழுதறேன். நீ பார்க்கணும்.

நீ நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தே. மூணாவது பக்கம் திருப்பாம விட்டிருந்தா?

போதும். இதுக்கு மேல யோசிச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.

ஆனா ஒண்ணு, இதுக்காக எல்லாம் சரியாப்போச்சுன்னு நினைச்சுக்காதே. அம்மா விஷயத்துல உன் மேல எனக்குக் கோபம் தீரலை. 'தெரியாது, பயந்தேன்'னு இப்போ எழுதறே. இதை அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? டாக்டர் மாதிரி நிமிர்ந்து நின்னு தீர்ப்புச் சொல்லிட்டுப் போனே. பயமா இருக்குடின்னு என் தோள்ல சாஞ்சிருந்தா, நான் உன்கிட்ட சண்டை போட்டிருப்பேனா? சேர்ந்து பயந்திருப்போம். ஒருத்தரை ஒருத்தர் மாத்தி மாத்தித் தூங்க விட்டிருப்போம். நீயும் எண்ணியிருக்க வேண்டாம், நானும் அடுப்படிக்குப் போயிருக்க வேண்டாம். அதை நினைச்சா வயிறு எரியுது. அதுக்கு நீ தனியா திட்டு வாங்கணும். நேர்ல.

இப்போ புள்ளை விஷயம். நேத்து மயக்கம் நல்லாத் தெளிஞ்சு சில மணி நேரம் கழிச்சுக் கொஞ்சமா பால் கொடுக்கச் சொன்னாங்க. ஒரு தடவை கக்கினான். எனக்கு உயிரே போச்சு. கட்டிலை விட்டு எழுந்து கத்தினேன். சிஸ்டர் வந்து, வயிறு இன்னும் வீங்கியிருக்கும், ஒண்ணு ரெண்டு தடவை இப்படித்தான்னாங்க. பீய்ச்சி அடிக்கலை, கடைவாய்ல வழிஞ்சுது, எல்லாக் குழந்தையும் கக்கற மாதிரி. எல்லாக் குழந்தை மாதிரி! அதைக் கேட்டு அழுதேன்.

இன்னிக்குக் காலையில என் பாலையே முழுசா குடிச்சான். வயித்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உருண்டை ஓடலை. கட்டுப் போட்ட இடத்துக்கு மேல கைய வச்சுக்கிட்டு ஒரு ஏப்பம் விட்டான் பாரு, லாரி டிரைவர் தோத்தான். அப்புறம் பால் தேடலை. இத்தனை நாள்ல முதல் தடவையா வயிறு நிறைஞ்சு தூங்கினான். துணி நனைச்சான், இன்னொரு வேலையும் பண்ணிட்டான். எங்க வீட்டுக்காரர் வந்து 'எத்தனை தடவை?'ன்னு கேட்டார். ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னேன். அவரும் நம்பலை.

நீயும் நம்பமாட்டே. உனக்குத்தான் யார் சொன்னாலும் நம்பிக்கை கிடையாதே. அடுத்த பால் பதினோரு மணிக்கு. வந்து பக்கத்துல நின்னு நீயே பாரு. நாலு பக்கமும் திருப்பிப் பாரு. நான் சுவர் பக்கம் திரும்பமாட்டேன்.

சிட்டு